சாலிசிலிக் அமிலத் தூள்: செடிக்குத் தெளிக்க வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது?

செடிகளுக்குத் தெளிக்க விற்கப்படும் சாலிசிலிக் அமிலத் தூளைப் பற்றி மூன்று விதமான கருத்துகள் சுற்றுகின்றன. நோய் கட்டுப்பட்டது என்கிறார் ஒருவர். இலையோரம் கருகிவிட்டது என்கிறார் இன்னொருவர். எந்த மாற்றமும் இல்லை என்கிறார் மூன்றாமவர். மூவரும் ஒரே டப்பாவை வாங்கியிருந்தாலும் இந்த மூன்றும் நடக்கக்கூடியவைதான். இது உரமும் அல்ல, பூஞ்சைக்கொல்லியும் அல்ல. செடி தனக்குள் தானே தயாரித்து, வேலை முடிந்ததும் தானே அடக்கிவிடும் சமிக்ஞைப் பொருள். வெளியிலிருந்து கொடுப்பதில் எவ்வளவு வேலை செய்யும், எவ்வளவு நேரம் செய்யும் என்பதைச் செடியின் நொதிகள்தான் தீர்மானிக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தூய்மை 99.5 சதவீதத்துக்குக் குறையாத, வேறெதுவும் சேர்க்காத வெள்ளைத் தூள் என்றால் வாங்கலாம். அமினோ அமிலம், இரும்பு, கடற்பாசிச் சாறு எல்லாம் சேர்த்துத் தயாராக வரும் கலவைத் திரவங்களைத் தவிர்ப்பது நல்லது. முகப்பருவுக்கான 2 சதவீதத் திரவத்தைச் செடிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அதில் லிட்டருக்கு 20 கிராம் இருக்கிறது, அதாவது ஏறத்தாழ 145 மில்லிமோலார் (கரைசலின் செறிவைக் குறிக்கும் அலகு). செடிக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் 0.1 முதல் 0.5 மில்லிமோலார்தான்.

தூளை எப்படிப் பார்த்து வாங்குவது

நல்ல தூள் வெள்ளையாக, நுண்ணிய ஊசிப் படிகங்களாக, மணமில்லாமல் இருக்கும். இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் சாயல் தெரிந்தால் இரும்புச் சுவடோ ஃபீனால் கலப்போ இருக்கலாம். இந்த அமிலம் பெருமளவில் தயாராவது சோடியம் ஃபீனாக்சைடையும் கார்பன் டைஆக்சைடையும் அழுத்தத்தில் வினைபுரிய வைக்கும் கோல்பே–ஷ்மிட் முறையில். சுத்திகரிப்பு சரியில்லாவிட்டால் ஃபீனாலும் 4-ஹைட்ராக்ஸிபென்சாயிக் அமிலமும் கூடவே வந்துவிடும். இரண்டாவது, சாலிசிலிக் அமிலத்தின் அதே அணுக்களைக் கொண்டது. ஹைட்ராக்சில் தொகுதி மட்டும் வேறு இடத்தில் ஒட்டியிருக்கிறது. அந்த ஒரு மாற்றம் போதும், செடியின் தற்காப்பு அதைக் கண்டுகொள்வதில்லை. எடை சரியாக இருக்கும், வேலை மட்டும் குறையும். ஆகவே தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண்ணோடு கூடிய பகுப்பாய்வுச் சான்று தராத விற்பனையாளரிடம் வாங்குவதில் பயனில்லை.

ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம் வருவதைக் காட்டி ‘அசல்’ என்று நிரூபிக்கும் வழக்கம் இருக்கிறது. சாலிசிலேட் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. எத்தனை சதவீதம் என்று அது சொல்லாது. ஃபீனாலும்கூட ஊதா நிறம் தரும்.

இலைக்குள் போனபின் என்ன நடக்கிறது

விலை, பொட்டலம் எல்லாவற்றையும்விட இதைத்தான் வாங்குபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

செடி தன் சொந்த சாலிசிலிக் அமிலத்தைப் பெரும்பாலும் கோரிஸ்மேட் என்ற பொருளிலிருந்து தயாரிக்கிறது. ஆய்வகங்களில் மாதிரிச் செடியாகப் பயன்படும் அரபிடாப்சிஸில் நோய் தாக்கும்போது உருவாகும் அளவில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வழியில் வருவதுதான். பசுங்கணிகத்தில் ஐசோகோரிஸ்மேட் சின்தேஸ் என்ற நொதி முதல் படியைச் செய்கிறது; மீதிப் படிகள் சைட்டோபிளாசத்தில் முடிகின்றன. இன்னொரு வழி ஃபீனைல்அலனினிலிருந்து கிளம்பி சின்னமிக் அமிலம், பென்சாயில் சேர்மங்கள் வழியாக வருவது. நெல் போன்ற பயிர்களில் அந்த வழிக்குப் பெரிய பங்கு உண்டு.

தயாரானதையோ நாம் தெளித்ததையோ உணர்பவை என்பிஆர் குடும்பப் புரதங்கள். சாலிசிலிக் அமிலம் சேரும்போது என்பிஆர்1 உயிரணுக் கருவுக்குள் சென்று, டிஜிஏ என்ற காரணிகளோடு சேர்ந்து தற்காப்பு மரபணுக்களை இயக்குகிறது. என்பிஆர்3, என்பிஆர்4 இரண்டும் சாதாரண நேரத்தில் அவற்றை அடக்கி வைத்திருக்கும். அமிலம் வந்து ஒட்டினால் அந்த அடக்குமுறை விலகும். அதன்பின்தான் பூஞ்சையின் சுவரைச் சிதைக்கும் குளுக்கனேஸ், கைட்டினேஸ் போன்ற நொதிகள் சேரத் தொடங்குகின்றன. இதற்கெல்லாம் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். காலையில் தெளித்து மாலையில் புள்ளி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. ஏற்கெனவே வந்துவிட்ட புண்ணை இது ஆற்றவும் ஆற்றாது.

அமிலம் இலைக்குள் நுழைந்த சில மணி நேரத்திலேயே செடி அதை அடக்கத் தொடங்கிவிடுகிறது. இங்கேதான் நொதிகளின் வேலை சுவாரசியமாகிறது.

முதலில் வருபவை குளுக்கோஸ் ஒட்டும் நொதிகள். அரபிடாப்சிஸில் யுஜிடி74எஃப்1, யுஜிடி74எஃப்2, யுஜிடி76பி1 என்று இவை அறியப்பட்டுள்ளன. அமிலத்தோடு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை இணைத்து, செயலற்ற குளுக்கோசைடாக்கி, உயிரணுவின் சேமிப்புப் பையான வாக்குவோலுக்குள் தள்ளிவிடுகின்றன. அது வீணாவதில்லை. பின்னால் பீட்டா-குளுக்கோசிடேஸ் நொதி சர்க்கரையைக் கழற்றினால் அமிலம் மீண்டும் கிடைக்கும். நாம் தெளித்ததில் கணிசமான பங்கு இப்படிக் கிடங்குக்குத்தான் போகிறது. அடிக்கடி தெளித்தால் கிடங்கு நிரம்புமே தவிரத் தற்காப்பு அதே விகிதத்தில் கூடாது.

இரண்டாவது, மெத்தில் தொகுதி ஒட்டும் நொதி. இது அமிலத்தை மெத்தில் சாலிசிலேட்டாக மாற்றுகிறது. அது எளிதில் ஆவியாகும், செடியின் மற்றப் பகுதிகளுக்கும் நகரும். போய்ச் சேர்ந்த இடத்தில் எஸ்ஏபிபி2 என்ற எஸ்டரேஸ் அந்த மெத்திலை வெட்டி, மீண்டும் சாலிசிலிக் அமிலமாக்குகிறது. அமிலம் அதிகமிருக்கும் இலையில் இந்த எஸ்டரேஸ் முடங்கிக் கிடக்கும்; குறைவாக இருக்கும் இலையில் இயங்கும். அதனால் சமிக்ஞை தேவையுள்ள இலையை நோக்கியே போகிறது.

மூன்றாவது கூட்டம்தான் உண்மையான அழிப்பு வேலையைச் செய்கிறது. எஸ்3ஹெச், எஸ்5ஹெச் என்ற இரண்டு ஹைட்ராக்சிலேஸ்கள் அமிலத்தை முறையே 2,3- மற்றும் 2,5-டைஹைட்ராக்ஸிபென்சாயிக் அமிலங்களாக்குகின்றன. பிறகு அவற்றின்மேல் சர்க்கரை ஒட்டப்படுகிறது. இவை வேலை செய்ய ஃபெரஸ் இரும்பும், உயிரணுவிலுள்ள 2-ஆக்ஸோகுளூட்டரேட் என்ற கரிம அமிலமும் வேண்டும். இந்த இரண்டு நொதிகளும் இல்லாத அரபிடாப்சிஸில் சாலிசிலிக் அமிலம் எக்கச்சக்கமாகச் சேர்கிறது, நோயை நன்றாகத் தாங்குகிறது, ஆனால் செடி குட்டையாகிவிடுகிறது. அதிகம் கொடுத்தால் ஏன் வளர்ச்சி குன்றுகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. தக்காளியில் எஸ்5ஹெச் நொதிக்கு இணையான டிஎம்ஆர்6 மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்தபோது பலவகை நோய்களுக்கும் எதிர்ப்பு கூடியது.

இவை தவிர அஸ்பார்டிக் அமிலத்தோடு பிணைக்கும் நொதி ஒன்றும் உண்டு. அதன் பங்கு சிறியது.

கருகல் ஏன் வருகிறது

சாலிசிலிக் அமிலம் கேட்டலேஸ், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகளோடு ஒட்டி அவற்றைத் தடுக்கக்கூடியது. இரண்டும் ஹைட்ரஜன் பெராக்சைடை அகற்றும் நொதிகள். கேட்டலேஸைத் தடுப்பதுதான் இந்த அமிலத்தின் முதன்மை வழி என்று 1993-இல் முன்வைக்கப்பட்ட கருத்து பிறகு நிலைக்கவில்லை. என்பிஆர் புரதங்கள் அந்த இடத்தைப் பிடித்தன. ஆனால் அளவு மீறும்போது பெராக்சைடு தேங்கி இலைத் திசு சாவது உண்மை. வெயிலில் தெளித்தால் இது இன்னும் கடுமையாகும், ஏனென்றால் ஒளி மிகுந்த நேரத்தில் இலை தானாகவே நிறைய பெராக்சைடை உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

அளவு மட்டுமே காரணமல்ல. நீரின் பிஎச் அதைவிடப் பெரிய காரணம். பெரும்பாலான விற்பனையாளர்கள் இதைச் சொல்வதே இல்லை. இந்த அமிலத்தின் பிகேஏ மதிப்பு, அதாவது பாதி மூலக்கூறுகள் அயனியாகப் பிரிந்திருக்கும் பிஎச், ஏறத்தாழ 2.97. அயனியாகப் பிரியாத மூலக்கூறுதான் இலையின் மெழுகுப் படலத்தையும் உயிரணுச் சவ்வையும் எளிதில் கடக்கும். பிஎச் 3.4-இல் கால்வாசிக்கு மேல் பிரியாமல் இருக்கும், 4.5-இல் சுமார் 3 சதவீதம், 6.5-இல் 0.03 சதவீதம் மட்டுமே. 4.5-க்கும் 6.5-க்கும் நடுவே நூறு மடங்கு வித்தியாசம்!

உப்பு நீக்கிய சுத்த நீரில் 0.5 மில்லிமோலார் கரைத்தால் கரைசல் தானாகவே பிஎச் 3.4-க்கு இறங்கிவிடும், 1 மில்லிமோலார் என்றால் 3.2-க்கு. அதைத் தளிர் இலையில் தெளித்தால் கருகும். அதே அளவை பைகார்பனேட் மிகுந்த கடின நீரில் கரைத்தால் அமிலம் முழுவதும் நடுநிலையாகி, பிஎச் அசையவே அசையாது. தெளித்ததில் பெரும்பகுதி இலைமேலேயே காய்ந்துவிடும். ஒருவருக்குக் கருகலும் மற்றவருக்கு ஒன்றுமின்மையும் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கரைக்கும் முறை

25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்குச் சற்று மேல்தான் இது கரையும். தேவைப்படும் அளவு அதைவிட மிகக் குறைவு என்றாலும், தூளை நேராகக் குளிர்ந்த நீரில் கொட்டினால் நனையாமல் மேலே மிதக்கும், கட்டி தட்டும், தெளிப்பானின் முனையை அடைக்கும்.

எத்தனாலில் மூலக் கரைசல் தயாரிப்பதே எளிய வழி. 6.9 கிராம் தூளை எத்தனாலில் கரைத்து, மொத்தம் 100 மில்லிலிட்டர் ஆக்கினால் 0.5 மோலார். இதில் 1 மில்லிலிட்டரை 1 லிட்டர் நீரில் சேர்த்தால் 0.5 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 69 மில்லிகிராம். 15 லிட்டர் தொட்டிக்கு 15 மில்லிலிட்டர் போதும். நீரைக் கலக்கிக்கொண்டே மெல்லிய தாரையாக விட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ஊசிப் படிகங்கள் உடனே தோன்றும், திரும்பக் கரைய நேரம் பிடிக்கும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

எத்தனால் கிடைக்காவிட்டால் 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் லிட்டருக்கு 1.38 கிராம் கரைத்து 10 மில்லிமோலார் மூலக் கரைசல் தயாரிக்கலாம். அறை வெப்பத்தில் அது கரைந்தே இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் படிகம் இறங்கலாம், ஏனென்றால் 0 டிகிரியில் கரைதிறன் லிட்டருக்கு 1.24 கிராம்தான்.

பிஎச்சைச் சரிசெய்வதில் வரிசை முக்கியம். கடின நீர் என்றால் முதலில் நீரையே சிட்ரிக் அமிலத்தால் கொஞ்சம் கொஞ்சமாக 4.5 முதல் 5-க்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு மூலக் கரைசலைச் சேர்க்க வேண்டும். சுத்த நீர் என்றால் எதிர்த்திசை: 0.5 மில்லிமோலார் கரைசலுக்கு லிட்டருக்குச் சுமார் 45 மில்லிகிராம் பொட்டாசியம் பைகார்பனேட் சேர்த்தால் 4.5-க்கு ஏறும். கடைசியாக ட்வீன் 20 போன்ற ஒட்டு திரவம் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிலிட்டர். கலந்த கரைசலை அன்றே தெளித்துவிட வேண்டும்.

இரும்பு, செம்பு சேர்ந்த நுண்ணூட்டங்களோடு ஒரே தொட்டியில் கலக்கவே கூடாது. சாலிசிலேட் இரும்பைப் பற்றிக்கொண்டு ஊதாவாகும், அமிலமும் போகும், இரும்பும் போகும். கலவைத் திரவங்களை வேண்டாம் என்றதற்கு முதல் காரணம் இதுதான். துருப்பிடித்த இரும்பு வாளியில் கரைத்தாலும் இதே கதை.

தெளிப்பது மாலையில் அல்லது அதிகாலையில். முதலில் நாலைந்து செடிகளில் மட்டும் தெளித்து மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது பாதுகாப்பானது. ஒட்டு திரவமும் எத்தனாலும் மட்டும் கலந்த நீரை இரண்டு செடிகளுக்குத் தெளித்து வைத்தால் பலன் எதனால் வந்தது என்பது தெளிவாகும். அடுத்த தெளிப்புக்கு 10 முதல் 14 நாள் இடைவெளி விடலாம். விதை ஊறவைக்க 0.1 முதல் 0.5 மில்லிமோலார், 6 முதல் 12 மணி நேரம். 1 மில்லிமோலாரைத் தாண்டினால் முளைப்பு தள்ளிப்போகும், சில விதைகள் முளைக்காமலும் போகும். மண்ணில் ஊற்றுவதில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. சூடோமோனாஸ் புட்டிடா போன்ற மண் பாக்டீரியாக்களிடம் சாலிசிலேட் ஹைட்ராக்சிலேஸ் நொதி இருக்கிறது. அவை இதை கேட்டகாலாக்கி உணவாக்கிக்கொள்ளும். அந்த நொதியின் மரபணுவைப் புகையிலைக்குள் வைத்து 1993-இல் செய்த சோதனைதான் உடல் தழுவிய எதிர்ப்புக்கு (ஓரிடத்தில் நோய் தாக்கியபின் செடி முழுவதும் உருவாகும் எதிர்ப்பு) இந்த அமிலம் அவசியம் என்பதை உறுதிசெய்தது. அமிலம் சேர முடியாத அந்தச் செடிகள் எதிர்ப்பையே இழந்துவிட்டன.

மாற்றுப் பொருட்கள்

சோடியம் சாலிசிலேட் நீரில் தாராளமாகக் கரையும், எத்தனால் தேவையில்லை. அதே 0.5 மில்லிமோலாருக்கு லிட்டருக்கு 80 மில்லிகிராம். ‘அமிலத்தைவிட மென்மையானது’ என்று விற்கிறார்கள். பிஎச் ஒன்றாக இருந்தால் இரண்டு கரைசலும் ஒன்றுதான். மென்மையாகத் தெரிவது பிஎச் உயர்ந்திருப்பதால், அதாவது உள்ளே குறைவாகப் போவதால். சிட்ரிக் அமிலத்தால் சரிசெய்யத் தயாராக இருப்பவருக்குத் தூளைவிட இதுவே வசதி.

ஆஸ்பிரின் மாத்திரைக்கு வரலாறு உண்டு. 1979-இல் ஆர். எஃப். வைட் புகையிலை இலைக்குள் ஆஸ்பிரின் கரைசலைச் செலுத்தியபோது மொசைக் வைரஸின் புண்கள் குறைந்தன. இந்தத் துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆஸ்பிரின் நீரிலும் இலைக்குள்ளும் உடைந்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆகிறது. 300 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 3 லிட்டர் நீரில் கரைத்தால் ஏறத்தாழ 0.55 மில்லிமோலார். ஓரிரு தொட்டிச் செடிகளுக்குப் போதும். மாத்திரையின் மாவுப்பொருள் முனையை அடைக்கும் என்பதால் வடிகட்ட வேண்டும். குடலில் கரையும்படி மேற்பூச்சிட்ட மாத்திரைகள் அமில நீரில் கரையாது, அவற்றை வாங்க வேண்டாம்.

பெரிய பரப்புக்கு ஒப்பிட வேண்டியது அசிபென்சோலார்-எஸ்-மெத்தில். பயான், ஆக்டிகார்ட் என்ற பெயர்களில் வருவது. சாலிசிலிக் அமிலத்தின் வேலையைச் செய்யும் செயற்கைப் பொருள். மெத்தில் சாலிசிலேட்டை வெட்டும் அதே எஸ்ஏபிபி2 நொதிதான் இதையும் வெட்டிச் செயலூக்குகிறது. சாலிசிலிக் அமிலத்தைச் சிதைக்கும் சாலிசிலேட் ஹைட்ராக்சிலேஸ் இதைத் தொடுவதில்லை. அதனால்தான் அந்த நொதி சேர்த்த புகையிலையிலும் இது எதிர்ப்பைத் தூண்டியது. பலன் நீண்டு நிற்கும், அளவு சீராக இருக்கும். நோய்த் தடுப்பு மட்டுமே நோக்கம் என்றால் தூளைவிட இதற்கே முதலிடம். இதிலும் அடிக்கடி தெளித்தால் வளர்ச்சி குறைவது உண்டு. எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதை உறையிலுள்ளபடியே பின்பற்ற வேண்டும்.

யாருக்கு இது உதவாது

இலை தின்னும் புழுதான் பிரச்சினை என்றால் இதைத் தெளிக்க வேண்டாம். சாலிசிலிக் அமிலத்தின் சமிக்ஞை உயரும்போது புழுவுக்கு எதிரான ஜாஸ்மோனிக் அமிலத்தின் சமிக்ஞை தாழும். உயிருள்ள திசுவில் வாழும் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய், வைரஸ்கள் ஆகியவற்றுக்கு எதிராகவே இது பொருத்தம். திசுவைக் கொன்று தின்னும் பூஞ்சைகளில் பலன் செடிக்குச் செடி மாறும். பயறுவகைச் செடிகளில் வேர்முடிச்சு உருவாகும் பருவத்தில் தவிர்க்க வேண்டும். ரைசோபியம் நுழைவதையே இது தடுக்கக்கூடும். நெல்லின் இலையில் இயல்பாகவே இந்த அமிலம் நிறைய இருக்கிறது, வெளியிலிருந்து கொடுப்பதில் புகையிலை, வெள்ளரி அளவுக்கு மாற்றம் தெரியாது.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அரபிடாப்சிஸில் 28 டிகிரிக்கு மேல் போனால் செடியின் சொந்த உற்பத்தியே தடைபடுகிறது. கடும் வெப்ப நாட்களில் அதை ஈடுகட்ட அளவைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் கருகல்தான் கூடும்.

கையாளுதலும் சேமிப்பும்

தூள் பறந்தால் மூக்கும் தொண்டையும் எரியும், தும்மல் நிற்காது. கண்ணில் பட்டால் கடுமையான சேதம். எடை போடும்போதே கண்ணாடி, முகமூடி, கையுறை மூன்றும் வேண்டும். தூளை இறுக மூடிய அம்பர் நிறப் புட்டியில், ஒளி படாமல், இரும்பு மூடி இல்லாமல் வைத்தால் நீண்ட காலம் கெடாது. எத்தனால் மூலக் கரைசல் அப்படியல்ல. அமிலமும் எத்தனாலும் மெல்ல மெல்ல எஸ்டராகும். புட்டியைத் திறந்ததும் தசைவலித் தைலத்தின் இனிப்பான நெடி அடித்தால் அந்தக் கரைசலைப் பயன்படுத்தாமல் புதிதாகக் கரைக்க வேண்டும். தேவைக்கு மட்டும் சிறிய அளவில் தயாரித்து, புட்டியின்மேல் தேதி எழுதி வைத்தால் அந்த நிலை வராது.